மேல் பலகை

"மையில ஒரு குறையும் இல்லை, மார்கெத்தா. நான் அச்சடிச்ச பிளாஸ்திரிச் சுருள், சுத்தமான சுருள்" என்றார் இல்போ.

மார்கெத்தாதான் சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பு. மேனேஜர் தார்மோ நெஞ்சுல ஒட்டின பிளாஸ்திரி ஏன் ஒண்ணுமே காட்டலைன்னு கேட்டிருந்தாங்க.

காயத்துக்குப் போடுற பிளாஸ்திரி இல்லை. மெல்லிசான பிளாஸ்டிக் தாள்ல, கரண்ட் கடத்துற பிளாஸ்டிக் மையால அச்சடிச்சது. வேர்வை பட்டா, எவ்வளவு உப்புன்னு கம்ப்யூட்டர்ல கோடு ஏறும். நேத்து சாயங்காலம் ஆபீஸ் சவுனாவுக்கு, அதான் நீராவிக் குளியலுக்கு, ஆம்பளைங்க எல்லாரும் இதை ஒட்டிக்கிட்டுத்தான் போனாங்க. அந்த மர அறையில கல்லுக்கே வேர்க்கும்.

எல்லார் கோடும் ஏறுச்சு. தார்மோ கோடு மட்டும் படுத்தே கிடந்துச்சு.

"சூடு அதிகமா இருக்கிற மேல் பலகையில உக்காந்தேன், வேர்வை ஆறா ஊத்துச்சுங்கிறார். பிளாஸ்திரிதான் மட்டமாம். சுருளைக் குப்பையில போட்டுட்டு, உங்க அச்சு மெஷினை வேற ஆள்கிட்ட குடுக்கச் சொல்றார்."

இல்போ காபியைக் கீழ வச்சார்.

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

"சொல்லுங்க."

"அவர் உள்ளேயே போகலை."

மார்கெத்தா கண்ணாடியைக் கழட்டினாங்க. சவுனா நமக்கு ஆகாதுன்னு ஒத்துக்கிட்ட ஆம்பளை இந்தத் தம்பெரே ஊர்ல இன்னும் பொறக்கலை.

"நிஜமாவா?"

"துணி மாத்துற ரூம்லயே உக்காந்திருந்தார். குழாயில தலையை நனைச்சுக்கிட்டார். ஒரு பீர். கடுகு சாஸ் தொட்டு ரெண்டு சாசேஜ். மத்தவங்க வெளிய வர்ற சத்தம் கேட்டதும், 'அப்பாடா, என்ன சூடு!'ன்னு முகத்தைத் துடைச்சார்."

"நடுவுல கொஞ்ச நேரம் உள்ள போயிட்டு வந்திருக்கலாமே?"

"எந்திரிக்கவே இல்லைங்கிறேன். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் எதிர்லயே உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தேன்."



"அப்போ நீங்க எப்ப உள்ள போனீங்க, இல்போ?"

இல்போ காபியை மறுபடி கையில எடுத்தார். குடிக்கலை.

மார்கெத்தா கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாங்க. "எல்லாரையும் விட உசரமா ஏறியிருக்கிறது உங்க கோடு. ஒரு மனுஷனுக்கு இவ்வளவு உப்பா வேர்க்குமான்னு காலையிலேர்ந்து யோசிக்கிறேன்."



"சாசேஜ் மொத்தம் மூணு இருந்துச்சு" என்றார் இல்போ. "சுடச்சுட. ஒண்ணு மேல என் பிளாஸ்திரியை ஒட்டி வச்சேன். கோடு ஏறலைன்னா மெஷின் கைவிட்டுப் போயிடுமேன்னு..."

மார்கெத்தா கண்ணாடியை மாட்டிக்கிட்டாங்க.

"சுருளைக் குப்பையில போட வேண்டாம். பிளாஸ்திரி பிரமாதமா வேலை செய்யுது. ரெண்டு பேர் விஷயத்துலயும்."

அதுக்குள்ள வராந்தாவுலேர்ந்து தார்மோ குரல் வந்துச்சு. "யோவ் இல்போ! சவுனா சூடாயிடுச்சு. இன்னொரு தடவை சோதிச்சுப் பார்த்துடலாம், வாய்யா!"

"இதோ வந்துட்டேன்!"

இல்போ துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து, அலமாரியிலேர்ந்து கடுகு சாஸ் பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போனார்.