தகரக் கூரைக்கு ஒரு பைபாட்

"தகரக் கூரை மேல படுத்துச் சுடணும். சரிவு கொஞ்சம் ஜாஸ்தி. அதுக்கு எந்த பைபாட் நிக்கும்?"

கேட்டவனை மார்லிஸ் இதற்கு முன் பார்த்ததே இல்லை. மொன்டானாவில், ஊரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் அவளுடைய துப்பாக்கிக் கடைக்குத் தெரியாத முகம் வருவதே அபூர்வம். வந்தவன் பேர் சொல்லவில்லை, பனியைப் பற்றிப் பேசவில்லை, நீட்டிய காப்பியையும் வேண்டாம் என்றுவிட்டான்.

மேசைமேல் அவன் கிடத்திய துப்பாக்கி மான் வேட்டைக்கானது அல்ல. கனத்த குழல், பெரிய தொலைநோக்கி, எட்டத்தில் இருக்கும் நாணயத்தைக்கூட அடிக்கிற ஜாதி. அதன் முன்பக்கத்தைத் தாங்கும் பைபாட் என்ற இரட்டைக் காலில் ஒன்று முறிந்து தொங்கியது. வண்டிக் கதவில் மாட்டி உடைந்துவிட்டதாம்.

மார்லிஸ் இருப்பதையெல்லாம் எடுத்து வைத்தாள். கால் உயரமாக இருந்தால் ஆடும் என்றாள், கூர்முள் பாதம் தகரத்தில் வழுக்கும் என்றாள். குட்டைக் காலும் ரப்பர் பாதமும்தான் சரிப்படும், இரண்டு காலையும் தனித்தனியாக நீட்டிச் சரிவுக்கு ஈடு கட்டிக்கொள்ளலாம் என்றாள். சரக்கைப் பற்றிப் பேசும்போது அவளுக்கு உலகமே மறந்துவிடும்.

அவன் தலையாட்டினான். பிறகு சாதாரணமாகக் கேட்டான்.

"மேம், பெரிய ஓடைத் தெருவுல ஒரு மஞ்சள் வீடு இருக்கே. அதுக்குப் பின்னாடி யாராவது குடியிருக்காங்களா, இல்ல வெறும் மண்மேடா?"

குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஊர்ப் பிள்ளைகளுக்கு வேட்டை வகுப்பில் முதல் நாளே அவள் சொல்லித் தருகிற கேள்விதான் அது. ஆனால் மஞ்சள் வீடு என்றதும் அந்தப் பாடமெல்லாம் அவளுக்கு மறந்துபோனது. அந்த வீட்டில் இருப்பது அவள் மகள் ஜோலீன்.

விவாகரத்து ஆனதிலிருந்து ஜோலீனைத் தீர்த்துக்கட்டாமல் விடமாட்டேன் என்று கறுவிக்கொண்டு திரிந்தான் அவளுடைய முன்னாள் கணவன் டேரல். வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்று நீதிமன்றம் அவனுக்குத் தடை போட்டிருந்தது. கிட்டே போக முடியாதவன், எட்ட இருந்து சுட ஆள் பிடித்துவிட்டான்.

"மேடுதான்," என்றாள். பொய் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

உள்ளே புதுச் சரக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். ஜோலீனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. அடுத்து ஷெரிஃபின் எண்ணைத் தேடுவதற்குள் அவன் அறை வாசலில் வந்து நின்றான்.

"நேரமில்ல மேம். சீக்கிரம்."

விற்க மாட்டேன் என்றால் மட்டும் போய்விடுவானா? மணல் மூட்டையை வைத்தாவது சுடுவான். அதற்கு முன் இங்கே அவளைச் சுடுவான். அலமாரியில் தனியாகக் கிடந்த பைபாடை எடுத்தாள் மார்லிஸ்.

போன வாரம் ஒரு வேட்டைக்காரர் திருப்பிக் கொடுத்தது அது. முதலில் கல்லு மாதிரி நிற்கும். கொஞ்ச நேரம் அழுத்திச் சாய்ந்திருந்தால் இடது கால் சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். அந்த நேரம் விசையை இழுத்தால் குண்டு எங்கே போகும் என்று சுடுகிறவனுக்கே தெரியாது.

குறி தப்பட்டும், ஜோலீன் சத்தம் கேட்டு ஓடிவிடட்டும். இதற்குமேல் அவளுக்கு யோசனை போகவில்லை. தானே துப்பாக்கியில் பொருத்தி, திருகாணியை முறுக்கி, ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தாள். அவனும் தோளைக் கொடுத்து அழுத்திப் பார்த்தான். நின்றது.

பணத்தை வைத்துவிட்டுக் கிளம்பியவன் வாசலில் திரும்பினான்.

"கடைய விட்டு வெளிய வராதீங்க மேம்."

அவன் வண்டி போனதும் கதவைத் தாழிட்டுவிட்டுப் போனை எடுத்தாள். ஷெரிஃப் ஆரின் அவளோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவன். எத்தனை தடவை போட்டாலும் அவன் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அரை மணி நேரம் கழித்துக் கடைசியில் ஒருவழியாக எடுத்தான்.

டேரல் ஆள் அனுப்பியிருக்கிறான், கூரைமேலிருந்து ஜோலீனைச் சுடப் போகிறான் என்று அவள் கொட்டித் தீர்ப்பதற்குள் ஆரின் குறுக்கிட்டான்.

"அவன் டேரலோட ஆள் இல்ல மார்லிஸ். பக்கத்துக் கவுன்ட்டி போலீஸ். நான் வரவழைச்ச ஆளு."

விடியும்போதே டேரல் கதவை உடைத்து உள்ளே புகுந்துவிட்டானாம். ஜோலீனைத் தனக்கு முன்னால் நிறுத்தி, கழுத்தை வளைத்துப் பிடித்து, நெற்றிப்பொட்டில் கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறானாம். என்ன பேசியும் மசியவில்லை. மார்லிஸுக்குத் தெரிந்தால் அங்கேயே ஓடி வந்துவிடுவாள் என்றுதான் அவளிடம் மூச்சு விட வேண்டாம் என்று கடைக்கு வந்தவனிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

"அவன் கூரையில ஏறிப் படுத்தாச்சு. டேரல் தலை தெரிஞ்சதும் சுடச் சொல்லிட்டேன்."

"வேண்டாம், சுட வேண்டாம்னு சொல்லு!" என்று கத்தினாள் மார்லிஸ்.

ஆரின் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டான். குரலைத் தணித்துச் சொன்னான்:

"கவலைப்படாத. உன் கையால மாட்டினா கண்ண மூடிட்டு நம்பலாம்னு, நான்தான் அவன உன் கடைக்கு அனுப்பினேன்."