பதினெட்டாவது கடை

பதினொரு சக்கர நாற்காலிகளும் சாவிக்கடைப் படியின் முன்னால் நின்றுவிட்டன.

முதல் நாற்காலியில் இருந்தவர் திருமதி லியாங். தைனான் நகரத் திட்ட அலுவலகத்தில் தெருக்களுக்கு வரைபடம் போடுபவர். கொஞ்சம் பின்னால் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு படியில் மோதினார். நாற்காலி ஆடியதே தவிர ஏறவில்லை.

"யாரும் எந்திரிக்கக் கூடாது," என்றாள் பெய்-யூன். "எந்திரிச்சா ஆட்டத்துல அவுட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் நல்ல கால்கள். நகரத் திட்டக்காரர்களுக்கான இரண்டு நாள் பட்டறை அது. காலையில் நாற்காலியில் தெருவைச் சுற்ற வேண்டும், பிற்பகல் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து வரைய வேண்டும். வழிகாட்டி பெய்-யூன். மற்ற நாட்களில் பன்னிரண்டாவது கடையில் மீன் கஞ்சி விற்பவள்.

அந்த ஊரில் மாடிகளுக்கு அடியில், ஒவ்வொரு கடையின் முன்தரையும் சேர்ந்ததுதான் நடைபாதை. கடைக்குக் கடை தரையின் உயரம் மாறும். ஆனால் இந்தத் தெருவில் முப்பத்தொரு கடைகளில் முப்பது பேர் தங்கள் தரையைத் தாங்களே உடைத்து ஒரே மட்டமாகப் போட்டிருந்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. பெய்-யூன் வீடு வீடாக ஏறி இறங்கி, கெஞ்சி, சண்டை போட்டு, கொத்தனாருக்குக் கஞ்சி ஊற்றிச் செய்த வேலை.

பதினேழு கடைகளைத் தடங்கலில்லாமல் உருண்டு வந்திருந்தார்கள். சக்கரங்களின் சத்தம் ஒரே சீராக வர வர, அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டே வந்தது.

"இதை எந்தத் துறை செஞ்சது?" என்று ஒரு பொறியாளர் கேட்டார்.

"கஞ்சிக்கடைத் துறை," என்றாள்.

பதினெட்டாவது கடை சாவிக்காரர் கோவுடையது. நடைபாதைக்குக் குறுக்கே முக்கால் சாண் உயரப் படி.

அவரிடம் ஒன்பது முறை கேட்டிருக்கிறாள். மழைத் தண்ணீர் உள்ளே வரும் என்றார். அப்பா பதித்த ஓடு என்றார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அந்த அடுத்த வருஷமும் போய்விட்டது.

இப்போது கல்லாவுக்குப் பின்னால், பாதி அறுத்த சாவியும் அரமுமாக நின்றிருந்தார்.

"என்ன பெய்-யூன், ஆபீசருங்களக் கூட்டியாந்து என் மானத்த வாங்குறியா?"

"வழி கேட்டு வந்திருக்கோம் அண்ணே. வேற ஒண்ணுமில்ல."

லியாங் மடியில் இருந்த கோப்பைத் திறந்தார். பேனாவை எடுத்துக்கொண்டு, ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்.

"இந்தத் தெருவுல நெசமாவே சக்கர நாற்காலியில போறவங்க எத்தன பேரு? காலையில இருந்து ஒருத்தரையும் பாக்கலையே. யாருமில்லன்னு எழுதிக்கவா?"

பெய்-யூனுக்குப் பதில் தெரியும். ஆனால் கோவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லியாங்கின் பேனா தாளைத் தொட்டது.

"எழுதாதீங்க," என்றார் கோ.

அரத்தை வைத்தார். சாவி கை தவறிக் கீழே விழுந்தது, எடுக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

கதவைச் சாத்தப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உள்ளே எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. பேச்சுக் குரல் கேட்டது.

திரும்பி வந்தபோது கடையின் பழைய பெயர்ப்பலகையை இழுத்துக்கொண்டு வந்தார். ஆள் உயரத்துக்கும் நீளமானது. அதைப் படியின் மேல் சாய்த்து வைத்து, இரண்டு முறை மிதித்துப் பார்த்தார்.

திட்டக்காரர்கள் கைதட்டினார்கள். லியாங் சக்கரத்தில் கை வைத்தார்.

"இருங்க. முதல்ல இங்க இருந்து ஒருத்தர் இறங்கணும்."

கோ ஒதுங்கி நின்றார். கடைக்குள்ளிருந்து இன்னொரு சக்கர நாற்காலி வந்தது.

அதில் அவர் மனைவி யுவே-சியா இருந்தாள். தலையை அழகாக வாரியிருந்தாள். காலில் வெளியே போகும் செருப்பு. காலையிலிருந்தே போட்டிருந்தாள்.

இடுப்புக்குக் கீழே உணர்வு போய் இரண்டு வருஷம் நாலு மாதம். அதன் பிறகு இந்தப் படியைத் தாண்டி அவள் தெருவுக்கு வந்ததில்லை. மருத்துவமனைக்குக்கூட ஊர் விழிக்கும் முன் பின்சந்து வழியாகத்தான் கோ தூக்கிப் போவார். ஸ்கூட்டர்களுக்கு நடுவே கவிழ்ந்துவிடுவாள் என்ற பயம். நாலு பேர் அவளைப் பாவம் என்று பார்த்துவிடுவார்களே என்பது அதைவிடப் பெரிய பயம்.

பலகை கிரீச்சிட்டது. கோ கை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை. தானே இறங்கினாள்.

"பேரு சொல்லுங்க அக்கா, எழுதிக்கிறேன்," என்றார் லியாங்.

"லின் யுவே-சியா."

லியாங்கின் பேனா நின்றது. கோப்பின் அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். இந்தப் பட்டறையை இந்தத் தெருவில் நடத்தச் சொல்லி வந்த கடிதம். முப்பத்தொரு கடைகளின் தரை உயரம், விரற்கடை பிசகாமல், கையால் வரைந்த படத்தோடு. கடைக்காரர் சங்கத்துச் செயலாளர் யாரோ எழுதியது என்று அலுவலகமே நினைத்திருந்தது. கீழே இருந்த கையெழுத்தைப் படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

கோவும் எட்டிப் பார்த்தார். மனைவியின் எழுத்து அவருக்குத் தெரியாதா?

"இது எப்போ எழுதின?" என்றார்.

"நீ சாவி அறுக்கப் போன நேரமெல்லாம்."

பெய்-யூன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். வீடு வீடாகப் போய் அளவு நாடா பிடித்ததும் பேசியதும்தான் அவள் வேலை. எந்த வீட்டில் முதலில் கெஞ்ச வேண்டும், எந்த வீட்டில் சண்டை போட வேண்டும் என்பதெல்லாம் பின்கட்டு ஜன்னல் வழியாக யுவே-சியா சொல்லிக் கொடுத்தது.

யுவே-சியா நாற்காலியைத் திருப்பினாள். பதினொரு பேருக்கும் முன்னால், அடுத்த கடைப் பக்கம் போக, பலகை மேல் தானே உந்தி ஏறினாள்.

"கடைசிக் கடைக்கு அந்தப் பக்கம் ரோட்டக் கடக்குற எடம் இருக்கு. அத மட்டும் இன்னும் அளக்கல. பெய்-யூனுக்கு நாடாவ நேராப் பிடிக்கத் தெரியாது. வாங்க."