பால் மறக்கடித்த பிறகு

அடிவயிற்றை யாரோ உள்ளேயிருந்து முறுக்கிப் பிழிந்தார்கள். பூங்குழலி வெங்காயத் தாள் அறுப்பதை நிறுத்திவிட்டு, கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மூன்று வருஷமாக இல்லாத வலி. போன மாதம் எட்டிப் பார்த்தது. இன்று மூட்டை முடிச்சோடு வந்துவிட்டது.

"என்னாடி, மறுபடியும் விசேஷமா?" என்றாள் பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்த மலர்கொடி. பெண்கள் சிரித்தார்கள்.

கல்யாணமான புதிதில் மாதாமாதம் இப்படித்தான் சுருண்டு கிடப்பாள். பெரம்பலூர் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, கருப்பைக்குள் இருக்க வேண்டிய சதை வெளியே ஒட்டி வளர்கிறது என்றார். குரங்குகளுக்கும் வருகிற நோய்தானாம். குட்டி போட்டால் சிலதுக்குச் சுருங்கும், சிலதுக்கு அப்படியே கிடக்கும். பிள்ளை பெற்றால் தீர்ந்துவிடும் என்று மட்டும் நம்பிவிடாதே என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மாமியார் அமிர்தவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "கொரங்கு கதையெல்லாம் நமக்கெதுக்கு? ஒண்ணப் பெத்துப் போடு, எல்லாம் கழுவிக்கிட்டுப் போயிரும்."

உண்டானதும் வலி நின்றது. பால் கொடுத்த காலமும் மாதவிலக்கு இல்லை, வலியும் இல்லை. தன் வைத்தியம் பலித்ததை அமிர்தவல்லி பாடாலூர் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பேத்திக்கு இரண்டு வயதானதும் அவளே வேப்பிலையை அரைத்து மருமகளின் மார்பில் அப்பி, பாலை மறக்கடித்தாள்.

கொட்டகைக்குப் பின்னால் சேலைத் தூளியில் மகள் நந்தினி தூங்கிக்கொண்டிருந்தாள்.

வேப்பிலைக் கசப்பு மிச்சமிருக்குமோ என்று பூங்குழலி பாட்டில் தண்ணீரால் மார்பைத் தேய்த்துக் கழுவினாள். பிள்ளையை எழுப்பி மடியில் கிடத்தினாள். அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்தாள். பிள்ளை வீறிட்டது.

தண்ணீர் குடிக்க வந்த மலர்கொடி நின்று பார்த்துவிட்டு, கொட்டகைப் பெண்களுக்குக் கேட்கச் சொன்னாள். "தூங்குற புள்ளைய எழுப்பிப் பால் குடுக்குது பாரு. புள்ள மேல அம்புட்டு உசிரு இவளுக்கு."

பூங்குழலி மறுபடியும் பிள்ளையின் வாயை மார்பில் வைத்து அழுத்தினாள். பால் ஊறினால் விலக்கு நிற்கும். விலக்கு நின்றால் வலி நிற்கும். இரண்டு வருஷமும் அதற்காகத்தான் பிள்ளையைத் தூக்கினாள். இப்போதும் அதற்காகத்தான்.

பிள்ளை என்பதற்காக ஒரு தடவை தூக்கிக் கொஞ்சியதில்லை. நந்தினிக்கு அந்தக் கடன் இன்னும் பாக்கி.