ஒருவர் போதும்

"அங்க இல்ல வேணுண்ணா. மேல கீது பாருங்க, அத்த அமுக்குங்க."

ஹரிதா காட்டிய இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் வேணுவின் மவுஸ் சுற்றி வந்தது. கடைசியில் எதையோ அமுக்கினார். திரையில் இருந்த லாட்ஜ் வரைபடத்தில் ஒரு மாடியே காணாமல் போயிற்று.

"அய்யய்யோ! இன்னாம்மா இது, மாடியே பூட்ச்சி?"

"ஒண்ணும் ஆவல. வுடுங்க, நான் கொண்டாறேன்."

திருப்பதியில் திருச்சானூர் ரோட்டிலிருந்த அந்த ஆபீஸில் படம் வரைகிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். ஆர்க்கிடெக்ட் கோவர்த்தனன் தாளில் போட்டுக் கொடுப்பதை இவர்கள் கம்ப்யூட்டரில் வரைந்து முடிப்பார்கள். போன மாதம் அவர்கள் வரையும் சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் வந்தது. சார் சிவப்புப் பேனாவில் திருத்திய தாளைப் போட்டோ பிடித்துப் போட்டால், திருத்தங்களைப் படத்தின்மேல் அதுவே ஏற்றிக் காட்டியது. இரண்டு ரூமில் கட்டிலும் மேஜையும் போட்டுவிட்டால், அடுத்த ரூமில் எங்கே போடலாம் என்று அதுவே சொன்னது. கதவு, ஜன்னல்களைக்கூட எண்ணிக் கொடுத்தது.

ஹரிதாவுக்கு எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது, கோவர்த்தனன் இருவரையும் கூப்பிட்டுப் பேசும்வரை.

"ரெண்டு பேர் செய்யற வேலைய இப்ப ஒருத்தரே செஞ்சிடலாம். வர்ற வேலையும் கொறஞ்சு போச்சு. ஒருத்தர அனுப்பித்தான் ஆவணும். இந்த லாட்ஜ் முடியட்டும், யாருன்னு சொல்றேன்" என்றார். சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்று வீடு திரும்பும் நகரி பஸ்ஸில் வடமாலபேட்டை வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தவளுக்கு, அதற்குமேல் முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டில் புருஷன் பழனி படுத்த படுக்கை. லாரி இடித்து முதுகெலும்பு போனதிலிருந்து இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

மறுநாளிலிருந்து ஹரிதா வேறு ஆளாகிவிட்டாள். யாரோடும் பேச்சில்லை. டிபன் பாக்ஸைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டு ஒரு கையால் வரைந்தாள்.

"ஹரிதாம்மா, இந்தக் கதவெல்லாம் எண்றதுக்கு இன்னா பண்ணணும்? நேத்து சொன்ன, மறந்து பூட்ச்சி."

இத்தனை நாளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லிக்கொடுத்தவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எனக்கும் சரியா தெரியலண்ணா" என்றாள்.

வாய் கூசாமல் சொன்ன பொய். வேணு தலையை ஆட்டிவிட்டு, பென்சில் முனையால் திரையில் ஒவ்வொரு கதவாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். மாடிப்படியைச் சரியாகப் போடத் தெரியாமல் ஹரிதா விழித்த காலத்தில், சாரிடம் திட்டு வாங்காமல் காப்பாற்றியவர் அவர். பழனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் படங்களையும் சேர்த்து வரைந்து கொடுத்தவர். இருந்தும் அவள் தன் படத்தையே வரைந்துகொண்டிருந்தாள்.

அவள் மூன்று மாடி முடித்தபோது அவர் ஒரே மாடியில் பாதியில் நின்றார்.

"நமக்கு இதெல்லாம் மண்டைல ஏறமாட்டேன்து ஹரிதாம்மா. நீ போய்க்கினே இரு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தெம்பில்லாமல் அவள் குனிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை கோவர்த்தனன் அவளை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. லாட்ஜ் படம் பாத்தேன், இன்னும் ஒரு மாடிதான் பாக்கி. சாலா பாகுந்தி, ரொம்ப நல்லா வந்திருக்கு. புது வெர்ஷன நீ புடிச்ச மாதிரி இந்தத் திருப்பதியில வேற யாரும் புடிச்சிருக்க மாட்டாங்க."

"ரொம்ப தேங்க்ஸ் சார்."

போன உயிர் திரும்பி வந்தது ஹரிதாவுக்கு. கூடவே, வெளியே போய் வேணுண்ணா முகத்தில் எப்படி விழிப்பது என்ற வேதனையும் வந்தது.

"வேணுவ நெனைச்சாத்தான் மனசு கேக்கல. எவ்வளவு முட்டியும் அவனுக்கு இது வரல." கோவர்த்தனன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வயசுல வெளிய அனுப்பிட்டா அவன எவன் சேத்துக்குவான், சொல்லு? நீ அப்படியில்ல. சென்னையோ பெங்களூரோ, எங்க போனாலும் கூப்பிட்டு வேலை கொடுப்பாங்க. அதனால மனசக் கல்லாக்கிக்கிட்டுச் சொல்றேம்மா. அவன் இங்க இருக்கட்டும். நீ வேற எடம் பாத்துக்கோ."

அவளுக்கு முதலில் காதில் விழுந்ததே தவிர புரியவில்லை.

"சார்... படுத்துக் கெடக்கிறவர வுட்டுட்டு நான் எந்தச் சென்னைக்குப் போவேன்?"

கோவர்த்தனன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எப்படி எழுந்தோம், எப்படிக் கதவைத் திறந்தோம் என்று தெரியாமல் ஹரிதா வெளியே வந்தாள்.

அவள் நாற்காலியில் வேணு உட்கார்ந்திருந்தார். அவள் மிச்சம் வைத்திருந்த கடைசி மாடி திரையில் மளமளவென்று நிறைந்துகொண்டிருந்தது. கட்டில், மேஜை, கதவு, ஜன்னல் எல்லாம் அவர் விரல் தட்டத் தட்ட வந்து உட்கார்ந்தன. அவளாக இருந்தால் அதற்கு அரை நாள் ஆகியிருக்கும்.

வேணு திரும்பிப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"நீதான் இருக்கறன்னு சார் சொல்லிட்டாரா? அப்பாடா, இனிமே தெரியாதவன் மாதிரி நடிக்க வேணாம். இது வந்தன்னிக்கே, ஒருத்தரு போதும்னு சார் சொல்வாருன்னு எனக்குத் தெரிஞ்சி பூட்ச்சி. நான் ஒண்டிக்கட்ட, சத்தியவேட்ல நெலம் கீது, எப்படியும் பொழச்சிக்குவேன். பழனிய வெச்சிக்கினு நீ எங்கம்மா போவ?"