கடைசிப் பங்கு

சார்ஜென்ட் டிட்மார்ஷ் காலையிலிருந்து ஹெஸ்டர் பிளம்லியின் சின்ன வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார். மெத்தையைப் பிரித்தார். நிலக்கரித் தொட்டியைக் கவிழ்த்தார். தேயிலை டப்பாவுக்குள் மூக்கை நுழைத்துத் தும்மினார். லேடி வின்த்ராப் வீட்டில் திருட்டுப்போன மாணிக்க மோதிரம் கிடைக்கவில்லை.

எப்படிக் கிடைக்கும்? அது அவர் கண்ணெதிரே, மேஜைமேல் இருந்த டிரைஃபிள் என்ற அடுக்கு இனிப்புக்குள் இருந்தது. கண்ணாடிக் கிண்ணம்தான். ஆனால் சிவப்பு ஜெல்லியில், ராஸ்பெர்ரிகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு மாணிக்கத்தை எவன் பிரித்துப் பார்ப்பான்? வளையம் அடியிலிருந்த கேக்குக்குள் புதைந்திருந்தது.

ஹெஸ்டர் பிளம்லிக்கு மனசாட்சி கொஞ்சமும் உறுத்தவில்லை. லேடி வின்த்ராப் வீட்டில் பாத்திரம் தேய்த்தே பாதி ஆயுளைத் தேய்த்தவள் அவள். நேற்று அந்த அம்மாள் கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசு ஒரு சோப்பு. அதுவும் முந்தின விருந்தாளி குளித்து மிச்சம் வைத்தது! மாலை ரயிலில் மோதிரத்தோடு கடலோரம் போய்ச் சேர்ந்துவிட்டால், மீதி ஆயுளைச் சாய்வு நாற்காலியில் கழிக்கலாம். அதற்கு இந்த மனிதர் முதலில் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“டிரைஃபிளா? தேடித் தேடி வயிறு காஞ்சு போச்சு, மிஸஸ் பிளம்லி.”

தேநீர் வேளையில் கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல முடியுமா? அதையும் யோசித்துத்தான் ஹெஸ்டர் மோதிரத்தைத் தன் பக்க ஓரத்தில் வைத்திருந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பரிமாறிக்கொண்டே வந்தால் அது கடைசிப் பங்கில் மிஞ்சும். கடைசிப் பங்கை இந்த ஊரில் உயிரே போனாலும் எவரும் தொட மாட்டார்கள். பாதிரியார் வீட்டில் ஒரு சாண்ட்விச், ‘நீங்க எடுத்துக்கங்க’, ‘ஐயோ, நீங்க’ என்று இழுபட்டே காய்ந்துபோன கதை ஊருக்கே தெரியும்.

முதல் வாய் உள்ளே போனதும் சார்ஜென்ட் முகத்தைச் சுளித்தார். “டிரைஃபிள்ல போய் ஜெல்லி போட்டிருக்கீங்களே! இந்த வீட்ல நான் கண்டுபிடிச்ச முதல் குற்றம் இதுதான்.”

“எங்கம்மா பழக்கம், சார்ஜென்ட்.”

“ஆதியில இதுல கேக்கே கிடையாது, தெரியுமா? வெறும் க்ரீம். சர்க்கரை, இஞ்சி, ரோஜாப் பன்னீர் போட்டுக் காய்ச்சுவாங்க. அப்புறம் எவனோ ஒரு கஞ்சன், காஞ்ச கேக்கைத் தூக்கிப்போட மனசு வராம, ஒயினை ஊத்தி அடியில போட்டு, மேல கஸ்டர்டால மூடிட்டான். ஒளிச்சு வைக்கறதுக்குன்னே பொறந்த பண்டம்!”

ஹெஸ்டரின் கரண்டி கிண்ணத்தில் பட்டுக் கிணுங்கியது.

ஆனால் மனிதர் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தார். கேக்கில் ஷெர்ரி ஒயினை அவள் தாராளமாகவே ஊற்றியிருந்தாள். இரண்டாவது தட்டில் அவர் மூக்கு சிவந்தது. மூன்றாவது தட்டில் தன் மாமியாரைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார். இந்த ஆளா திருடனைப் பிடிக்கப்போகிறார் என்று அவளுக்குச் சிரிப்பே வந்தது.

கடைசியில் கிண்ணத்தில் ஒரே ஒரு பங்கு மிஞ்சியது. சார்ஜென்ட் அதையே பார்த்தார். கையிலிருந்த ஸ்பூன் லேசாக ஆடியது.

எங்கே எடுத்துவிடுவாரோ என்று ஹெஸ்டர் பயந்துபோனாள். சட்டென்று கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“போதும் சார்ஜென்ட். ஷெர்ரி ஜாஸ்தி. சைக்கிள்ல வேற போகணுமே!”

“அதுவும் சரிதான்” என்று அவர் மறுபேச்சில்லாமல் ஸ்பூனைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்தார், தொப்பியை மாட்டினார், கதவு வரை போனார். ஹெஸ்டருக்குக் கடல் காற்று முகத்தில் அடிப்பதுபோலவே இருந்தது.

சார்ஜென்ட் திரும்பி வந்தார். கிண்ணத்தைப் பத்திரமாகத் தூக்கி அணைத்துக்கொண்டார்.

“இது ஸ்டேஷனுக்கு வருது. நீங்களும் கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க.”

ஹெஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. “எ... எப்படித் தெரிஞ்சுது?”

“இந்த ஊர்ல பொறந்த எந்தப் பொம்பளையும், ‘நீங்களே எடுத்துக்கங்க’ன்னு பேச்சுக்காவது ஒரு தடவை சொல்லாம கடைசிப் பங்கை இழுத்து வச்சுக்க மாட்டாங்க, மிஸஸ் பிளம்லி!”