இரண்டாவது பாட்டில்

தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து வெகுநேரம் ஆகிவிட்டது. ரேடியேஷன் மெஷின் இன்னும் சரியாகவில்லை.

தையல்காரி ஆஸ்பத்திரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலை மாற்றி மாற்றிப் போட்டாள். அடிவயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. எதிரிலேயே கழிவறைக் கதவு. பாழாய்ப்போன கதவு, அதையும் கண்ணுக்கு நேரேதான் வைத்திருக்கிறார்கள்.

கர்ப்பப்பை வாயில் புற்று. தினமும் ரேடியேஷன், வாரம் ஒருமுறை கீமோ. மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் குடல் மேலே ஒதுங்கும், கதிர் படாமல் தப்பிக்கும் என்று டாக்டர் படம் போட்டே காட்டியிருந்தார். ஏற்கெனவே வயிறு பிய்த்துக்கொண்டு போகிறது. இதற்கு மேல் குடல் புண்ணானால் வைத்தியத்தைப் பாதியில் நிறுத்த வேண்டிவரும், அது மட்டும் கூடவே கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

போன வாரம் தாங்க முடியாமல் ஒருநாள் கொஞ்சமாகப் போய்விட்டு வந்து, நல்ல பிள்ளையாக மேஜையில் படுத்தாள். அங்கேயே எடுக்கிற படத்தில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. இறக்கிவிட்டு, மறுபடி குடி, மறுபடி காத்திரு என்றார்கள்.

தைக்கிற மெஷினாக இருந்தால் இந்நேரம் அவளே பிரித்து எண்ணெய் விட்டிருப்பாள்.

பக்கத்தில் நாத்தனார். புருஷனின் அக்கா, அறுபதைத் தாண்டியவள். தம்பிக்கு லீவு கிடைக்காது என்று தானாகத் துணைக்கு வந்தவள்தான். ஆனால் இவள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தால் பையோடு எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவாள். திரும்பி வந்து முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, காலை ஆட்டியபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எல்லாம் இவள் வாயால் வந்தது. முதல் வாரத்தில் நாத்தனார் ஆறுதலாக, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்லப்போக, உங்களுக்கென்ன, சும்மா உட்கார்ந்துகொண்டு சொல்லுவீர்கள், அடக்கிப் பார்த்தால்தானே தெரியும் என்று இவள் வெடுக்கென்று கேட்டுவிட்டாள். அன்றோடு இங்கே பேச்சு நின்றது.

இன்று எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"இப்போ எதுவும் பேசாதே. அடக்கு," என்றாள் நாத்தனார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சுருக்கென்றது. இந்தச் சனியன் எப்போது தொலையும், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறாள் போல. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குலுங்கி அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று அதையும் சேர்த்து அடக்கினாள்.

ஒருவழியாக மெஷின் ஓடியது. கூப்பிட்டார்கள். படத்தைப் பார்த்த டெக்னீஷியன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இன்றைக்குக் குடல் தப்பித்தது.

முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கழிவறை உள்ளே தாழிட்டிருந்தது. துடைப்பத்தோடு நின்ற துப்புரவுக்காரம்மா, இப்போதுதான் கழுவித் திறந்துவிட்டேன், உன் கூட வருகிற அம்மா உள்ளே போயிருக்கிறார் என்றாள்.

தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரைப் பிடித்துக்கொண்டு அடக்கியவள் இங்கே நிற்க, அவளுக்கு என்ன அவசரமாம்?

"பாவம், விடும்மா. அவங்களும் தினம் வராந்தால நின்னு ஒரு பாட்டில் தண்ணியைக் குடிச்சிட்டு, உன்னைக் கூப்பிடுற வரைக்கும் அடக்கிட்டுத்தானே உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கும் இதே நோயா?"

தையல்காரி நாற்காலியைப் பார்த்தாள். நாத்தனாரின் பை வாய் திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு பாட்டில். அந்தச் சண்டைக்கு மறுநாளிலிருந்துதான் இரண்டு. ஒன்று போதாவிட்டால் இருக்கட்டும் என்று கொண்டுவருகிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

இரண்டும் காலி.

கதவு திறந்தது. இவளைக் கண்டதும் நாத்தனார் திருட்டு முழி முழித்தாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஒதுங்கி வழிவிட்டாள்.

மறுநாள் காலை தையல்காரியே சமையலறையில் நின்று இரண்டு பாட்டிலையும் நிரப்பினாள். நாத்தனாருடையதில் மட்டும் நாலு விரல் குறைவாக.