மத்தியானச் சண்டை

"காது கேக்குதா இல்லியா? ஒரு பொம்பள தினம் வந்து தொண்ட கிழிய கத்தினு இருக்கேன். எவனா இருந்தாலும் இந்நேரம் எழுந்து வந்து இன்னான்னு கேட்டிருப்பான். நீ இன்னா பண்ணினு இருக்கே?"

பியூலாவின் குரல் உயரமான கூரையில் மோதித் திரும்பி வந்தது. எதிரே ஆள் யாரும் இல்லை. பீடத்தின் மேல் பித்தளைச் சிலுவை மட்டும் இருந்தது.

ஊரிகம் சர்ச்சுக்கு மத்தியான வேளையில் வருகிறவள் அவள் ஒருத்திதான். மகன் ஃப்ரெடிக்கு மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றி, முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைத்து, பக்கத்து வீட்டு அமலாவைத் துணைக்கு உட்காரச் சொல்லிவிட்டு வருவாள். பெங்களூர் ரயிலில் வாசலோரம் நின்று வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. போன வருஷம் தவறி விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து படுக்கைதான். கண் திறந்திருக்கும். பார்வை எதிலும் நிற்காது.

"நடக்க வைன்னு கேட்டனா? வேலைக்குப் போகணும்னு கேட்டனா? ஒரே ஒரு தபா அம்மான்னு கூப்புடட்டும்னு கேட்டேன். அதுக்குக்கூடவா உனக்கு மனசு வரல?" முன் பெஞ்சை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

"போதும், நிறுத்து பியூலா!"

சபைக் கமிட்டிச் செயலாளர் லாய்ட் வாசலில் நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஆண்டவரப் போய் நீ, வா, போன்னு பேசுவியா? ரோட்டுல போறவங்க நின்னு வேடிக்க பாக்கறாங்க. தாழ்மையா முழங்கால் போட்டுக் கேக்கத் தெரியாதா உனக்கு?"

"கேட்டேண்ணா. முட்டி தேயற வரைக்கும் நீர், உம்மன்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"அப்ப உனக்கு விசுவாசம் இல்ல."

"விசுவாசம் இல்லாதவளா வெயில்ல தினம் நடந்து வரேன்?"

"வியாக்யானம் பேசாத. பாஸ்டர் பாவம், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாம அந்த ரூம்லயே உட்காந்திருக்காரு. நீ பேசற கண்றாவி எல்லாம் அவர் காதுல விழுது. கமிட்டி முடிவு பண்ணிடுச்சு. இனிமே ஞாயித்துக்கிழமை தவிர சர்ச் பூட்டித்தான் இருக்கும்."

பியூலா திரும்பிப் பார்த்தாள். பீடத்துக்குப் பக்கத்து அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நாற்காலியில் பாஸ்டர் ஏனோக்கின் தோள் தெரிந்தது. அவர் எழுந்து வரவில்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃப்ரெடியைப் பார்க்க வந்தபோதும் இந்த மனுஷன் இப்படித்தான். தலையில் கை வைத்தார், வாயைத் திறந்தார், பிறகு 'ஆமென்' என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். என் பிள்ளைக்காக நாலு வார்த்தை ஜெபிக்க இந்த ஆளுக்கு வாய் வலிக்கிறது என்று அன்றைக்கே வயிறு எரிந்தது அவளுக்கு.

"போட்டுக் குடுத்துட்டீங்கள்ல பாஸ்டர்? இனிமே நிம்மதியா உட்காருங்க!" அறையைப் பார்த்துக் கத்திவிட்டு விடுவிடுவென்று வெளியேறினாள்.

அதன்பிறகு வீட்டில் பாத்திரங்கள்தான் அடிவாங்கின. சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு; சுவருக்கு அந்தப் பக்கம் பேசினாலே இந்தப் பக்கம் கேட்கும்; பிள்ளையின் தலைமாட்டில் நின்று கத்தவும் முடியாது.

"சண்ட போட்டுட்டு வந்தாதான் உன் மூஞ்சி தெளிவா இருக்கும். இப்ப பாக்கவே பயமா கீது," என்றாள் அமலா.

"விட்டுடுவேன்னு நெனைக்கிறாங்களா? சர்ச் இல்லாட்டி போவுது, சுரங்கத்து மண்ண கொட்டி வச்ச சயனைடு மேட்டு மேல ஏறி நின்னு கத்தறேன். அங்கேருந்து கத்தினா ஆண்டவருக்குக் கேக்காதா?"

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் நிழல் விழுந்தது. பாஸ்டர் ஏனோக். முகத்தில் சவரம் செய்யாத தாடி. கண் உள்ளே போயிருந்தது. அமலா எழுந்து தன் வீட்டுக்கு நழுவினாள்.

"இன்னா, வூட்டுலயும் சத்தம் போடக்கூடாதுன்னு சொல்ல வந்தீங்களா?"

அவர் கட்டிலருகே போய் ஃப்ரெடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சர்ச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"கமிட்டில சண்ட போட்டு வாங்கினு வந்தேன். நாளையிலேர்ந்து வாங்கக்கா."

"ஐயோ பாவம்னு குடுக்கறீங்களா? எனக்கு வேணாம். நீங்களே போய் அழகா, மரியாதையா ஜெபம் பண்ணுங்க. அதுக்குத்தான சபை உங்கள வச்சிருக்கு?"

"வரலக்கா."

"இன்னா வரல?"

"ஜெபம். இந்த ஊருக்கு வரதுக்கு முன்னாடியே நின்னுபோச்சு. ஞாயித்துக்கிழம பொஸ்தகத்தப் பாத்துப் படிக்கிறேன். அவ்ளோதான். உங்க புள்ள தலையில கை வச்சப்பவும் ஒண்ணும் வரல."

பியூலா கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கோபம் தணியவில்லை. ஆனால் அதை யார் மேல் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப தினம் மத்தியானம் சோறுகூடத் துன்னாம அந்த ரூம்ல இன்னாதான் பண்ணினு இருந்தீங்க?"

ஏனோக் சாவியைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார்.

"நீங்க திட்டறதக் கேட்டுனு இருந்தேன்க்கா. அப்ப மட்டுந்தான், அங்க ஒருத்தர் இருக்காருன்னு எனக்குத் தோணும்."